சத்தம் போடாத ஸ்கேனர்

எங்கள் வீட்டில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கத் தோதான இடம் கார்தான். கூடத்தில் மாமியார் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் தங்கையோடு பேசிக்கொண்டிருப்பார். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் எதிராளிக்குக் கேட்காது என்று இருவருமே நினைத்தார்கள். முன்னறையில் என் மனைவி கீபோர்டு சொல்லிக்கொடுப்பாள். ஒரே பாட்டின் முதல் வரியைப் பிள்ளைகள் முறை வைத்து வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் வரி எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. வேலை முடிந்து வந்ததும் வீட்டின் பக்கச் சந்தில் நிற்கும் காருக்குள் போய் உட்காருவேன். இருக்கையைப் பின்னால் தள்ளி, கண்ணாடியை ஏற்றி, புத்தகத்தை ஸ்டியரிங்மேல் சாய்த்து வைப்பேன். அதன் பிறகு உலகத்துக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. காலையில் அச்சகத்துக்குப் போகவும் அதே கார் உதவியது என்றாலும், அதை நான் ஒரு கூடுதல் வசதியாகத்தான் எண்ணினேன்.

அந்தக் காரின் டாஷ்போர்டில் ஒருநாள் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. தண்ணீர் மோட்டாரைச் சின்னப் பிள்ளை வரைந்தது போன்ற படம். என்ஜினில் ஏதோ கோளாறு என்று அர்த்தமாம். வண்டி வழக்கம்போல ஓடியது. ஒர்க்ஷாப்காரர் பானெட்டைத் திறந்து பார்த்து, துக்கம் விசாரிக்க வந்தவர் போலத் தலையை ஆட்டி, "என்ஜின இறக்கிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

"இறக்க வேணாம்" என்று வீட்டில் தீர்ப்புச் சொன்னாள் மனைவி. "சனிக்கிழமை புகைப் பரிசோதனை. அந்த விளக்கு எரிஞ்சா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அண்ணன் வண்டிய வாங்க ஒரு ஆள் பாத்து வச்சிருக்காரு. அன்னைக்கே வந்து வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிடுவாரு. நமக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"நானே சரி பண்றேன்" என்றேன்.

கூடத்தில் ஸ்பீக்கர் பேச்சு நின்றது. கீபோர்டு நின்றது. நானாக ஒரு முழு வாக்கியம் பேசி வெகுநாளாகியிருந்தது.

"நீங்களா?" என்றாள். "குழாய் ஒழுகினாலே அதப் பாத்து யோசிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க."

"சனிக்கிழமைக்குள்ள விளக்கு அணைஞ்சா?"

"அணைஞ்சா வண்டி இருக்கட்டும். அணையலன்னா அண்ணன் கையில சாவி. பேச்சு மாறக் கூடாது."

பேசினால்தானே மாறுவதற்கு. தலையை ஆட்டினேன்.

மச்சான் ஒரு தரகர். மனை, பழைய வண்டி, மாப்பிள்ளை எதுவானாலும் பார்த்துக் கொடுப்பார். என்னையும் அவர்தான் தங்கைக்குப் பார்த்துக் கொடுத்தார். அந்த ஒரு வியாபாரத்தில்தான் சரக்கைத் தட்டிப் பார்க்காமல் எடுத்துவிட்டதாகச் சொல்லி, என் எதிரிலேயே சிரிப்பார். கருவி வாங்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் கூடவே கிளம்பிவிட்டார்.

"வண்டி விக்கிறது உறுதி. அதுக்காக நான் ஒதவி பண்ணாம இருப்பேனா மாப்ளே? நாளைக்கு ஒரு சொல்லு வந்துடக் கூடாது பாரு."

கருவிக் கடை நீளமாக, ரப்பர் வாசனையோடு இருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் சூட்கேஸ் போன்ற ஒரு பெட்டியைத்தான் முதலில் திறந்தார். உள்ளே ஒரு பெரிய திரை. சுற்றிலும் பஞ்சுக் குழிகளில் விதவிதமான வயர்கள். பொத்தானை அமுக்கியதும் ஒரு பெண் குரல், "வணக்கம். தங்கள் வாகனத்தைத் தேர்வு செய்யவும்" என்றது.

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, மரியாதை!"

"எல்லாத்தையும் வாய் விட்டுச் சொல்லிடும் சார். என்ன கோளாறு, எந்தப் பார்ட்டு, எல்லாமே" என்றார் கடைக்காரர்.

"வாய மூடி வைக்க முடியாதா?"

"அதுக்கு வழி இல்லைங்க சார்."

பெண் குரல் மறுபடியும் வணக்கம் சொன்னது. நான் அடுத்ததைக் காட்டச் சொன்னேன்.

அடுத்தது கைக்கு அடக்கமானது. ஒரு மீட்டர் வயர், சின்னத் திரை, நாலைந்து பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் 'கீ' என்றது. "கோளாறக் கண்டுபிடிச்சா நீளமாக் கத்தும் சார். நீங்க அந்தப் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு இருந்தாக்கூடக் கேக்கும்."

மூன்றாவது கட்டைவிரல் அளவே இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளைகளில் செருகிவிட்டால் போதும். போனிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். வேலை செய்வதற்கு அடையாளமாக ஒரு நீல விளக்கு மட்டும் மினுங்கும்.

"சத்தம்?"

"போடாது சார்."

"இதக் குடுங்க."

"அவசரப்படாதீங்க சார். வயர் உள்ளதுதான் நம்பகம். இது காத்துல போற விஷயம்."

காற்றில் எது வேண்டுமானாலும் போகட்டும், என் காதில் போகாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டு பையை நீட்டினேன். கடைக்காரர் மச்சானிடம் திரும்பினார். "நேத்து ஒருத்தர் வந்தாருங்க. இவரு மாதிரியேதான். கடைசி வரைக்கும் வாயே தெறக்கல. இந்தப் பொடியத்தான் வெரல நீட்டிக் காட்டி வாங்கிட்டுப் போனாரு. இவங்களுக்குன்னு தனியா ஒரு கூட்டமே இருக்கும் போல."

மச்சானுக்கு மனம் ஆறவில்லை. என்ஜினின் மூளைக்குள் புகுந்து வேகத்தைக் கூட்டும் ட்யூனிங் கேபிள் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதையாவது வாங்கிக்க மாப்ளே. வண்டி பிச்சிக்கிட்டுப் போகும்."

"நின்னுகிட்டு இருக்கிற வண்டிக்கு வேகம் எதுக்கு மச்சான்?"

மச்சான் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தட்டிப் பார்க்காமல் எடுத்த சரக்கைப் பார்க்கும் பார்வை.

எங்கள் சந்தை ஒட்டி மார்பளவுச் சுற்றுச்சுவர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர் வீடு. அவர்களிடமும் அதே கார், அதே மாடல். எங்களுடையது சாம்பல் நிறம், அவர்களுடையது நீலம். டாக்டரும் பேசமாட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களோடு நாள் முழுவதும் வேலை பார்த்துப் பழகியவர். குடிவந்த நாளிலிருந்து நாங்கள் தலையசைப்பில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்தத் தெருவில் நான் மிகவும் மதித்த மனிதர் அவர்தான். காரணம், அவர் என்னை எதுவும் கேட்டதில்லை.

எங்களுக்கும் சேர்த்து இரண்டு மனைவிகளும் பேசினார்கள். மாடித் தண்ணீர்த் தொட்டி முதல் மாமியாரின் முழங்கால்வரை சுவருக்கு மேல் எல்லாம் போய்வந்தது, காரைத் தவிர. ஒரே வண்டியை ஒரே காலத்தில் வாங்கியவர்கள் அல்லவா. "எங்களுது இன்னும் புதுசு மாதிரியே ஓடுது" என்பதற்கு மேல் இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

அன்று மாலை, கடைக்காரர் பொடி என்று சொன்ன அந்தக் கருவியைச் செருகினேன். நீல விளக்கு மினுங்கியது. போனில் தேடியபோது அதன் பெயர் வரிசையில் வந்தது; கீழேயே இன்னொரு முறையும் வந்தது. ஒரே வரி இரண்டு தடவை அடிக்கப்பட்டிருந்தால் என் கை தானாக ஒன்றை அடித்துவிடும். தொழில் புத்தி. கீழே இருந்ததை மனத்துக்குள் கோடு போட்டு நீக்கிவிட்டு, மேலே இருந்ததைத் தொட்டேன்.

கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றியது. பிறகு திரையில் முடிவு வந்தது: ஆக்சிஜன் சென்சார் கோளாறு.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பேருடைய எழுத்தில் பிழை பார்த்திருக்கிறேன்; ஒரு இயந்திரம் தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சென்சார் வாங்கினேன். அது புகை போகும் குழாயில், கை போக முடியாத இடத்தில், வால்போல ஒரு வயரோடு திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றுவதற்கென்றே பக்கவாட்டில் பிளவு விட்ட ஒரு பாக்ஸ் ஸ்பேனர் உண்டு; அதையும் வாங்கினேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். முகத்தில் துரு உதிர்ந்தது. கீபோர்டு வகுப்பு முடிந்த பிள்ளைகள் என் கால்களை எண்ணிவிட்டுப் போனார்கள்.

"உசிரோட இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

"வாயத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

வாயைத் திறந்தால் துருதான் விழும் என்ற நிலைமையில் இருந்தேன். ஒருவழியாகப் பழைய சென்சார் கழன்று வந்தது. புதியதைப் பூட்டிவிட்டுப் போனில் 'அழி' என்பதைத் தொட்டேன். 'கோளாறு அழிக்கப்பட்டது' என்று போன் சொன்னது. டாஷ்போர்டில் விளக்கு கல்லுளிமங்கனைப் போல எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் முயன்றேன். 'வண்டி பதில் சொல்லவில்லை' என்று வந்தது. மாலையில் முயன்றேன், பதில் சொன்னது. அதே ஆக்சிஜன் சென்சார். அழித்தேன். விளக்கு எரிந்தது. அடுத்த காலையிலும் பதில் இல்லை, மாலையில் உண்டு. காலையில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசப் பிடிக்காத ஒரு குணம் என்னிடமும் உண்டு. என்னோடு இருந்து இருந்து வண்டிக்கும் தொற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மாலை நான் போனைத் தொடவே இல்லை. சாவியைப் பாதி திருப்பி வைத்து, உள் விளக்கில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டி நிமிர்ந்தபோது மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. என் விரல் எதன்மேலும் இல்லை. கண் இமைக்காமல் பார்த்தேன். வரவில்லை.

எதையும் செய்யாமல் இருந்தால் பாதிக் காரியங்கள் தாமே நடந்துவிடும் என்பது என் நெடுநாளைய கருத்து. அதற்கு இவ்வளவு தெளிவான சாட்சி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய், "அணைஞ்சிடுச்சு" என்று அறிவித்தேன். மனைவி வந்து பார்த்தாள். "அட!" என்றாள். உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போகும் வழியில் விளக்கு திரும்ப வந்துவிட்டது.

"நான் சொல்லல?" என்று அன்று பகலிலேயே போனில் வந்துவிட்டார் மச்சான். "அந்த வாய் பேசுற பெட்டிய வாங்கியிருக்கணும் மாப்ளே. சரி விடு, நாளைக்குக் காலையில ஆளக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன். சாவிய எடுத்து வை. சீட்டுல ஏதாச்சும் புஸ்தகம் கெடந்தா அதையும் எடுத்துடு."

அன்று மாலை கடைசி முறையாக என்று நினைத்துக் காருக்குள் உட்கார்ந்தேன். சாவியைப் பாதி திருப்பினேன். என்ஜினைப் போடவில்லை, போடவும் மனம் வரவில்லை. பழக்கத்தில் பொடியோடு சேர்த்துவிட்டுப் போனைப் பக்கத்து இருக்கையில் போட்டேன். புத்தகத்தில் ஒரே பத்தியை மூன்று முறை வாசித்தேன். முன்னறையிலிருந்து அந்த முதல் வரி வந்துகொண்டிருந்தது. இனி அதற்கு நடுவில்தான் என் வாசிப்பு என்று நினைத்தபோது, நான்காம் முறை வாசிக்கக்கூடத் தெம்பில்லை.

தற்செயலாகப் போன் திரையைப் பார்த்தேன். என்ஜின் சுழற்சி: எண்ணூறு.

காது கொடுத்துக் கேட்டேன். என் வண்டி பிணம்போலக் கிடந்தது. எண்ணூறு ஆயிரமானது. இரண்டாயிரமானது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் என்ஜின் உறுமியது. திரையில் மூவாயிரம். உறுமல் தணிந்தது. திரையில் எண்ணூறு.

கீழே வந்த அந்த இரண்டாவது வரி நினைவுக்கு வந்தது. நான் கோடு போட்டு நீக்கியது என் வண்டியைத்தான். இவ்வளவு நாளும் அடுத்தவர் வீட்டுப் பிழையைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். காலையில் பதில் சொல்லாமல் இருந்தது, அதற்குள் கிளினிக்குக்குப் போய்விட்ட டாக்டரின் வண்டி.

இறங்கிச் சுவருக்குப் போனேன். நீலக் காருக்குள் டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனை முறைத்தபடி இருந்தார். கூப்பிட்டால் பேச வேண்டியிருக்கும். திரும்பி வந்து என் என்ஜினைப் போட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன். கதவைத் திறந்து எழுந்து பார்த்தால், டாக்டரின் தலை போனிலிருந்து நிமிர்ந்து, சுவர்ப் பக்கமாக என்னை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.

என்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி சுவருக்குப் போனேன். அவரும் இறங்கி வந்தார். இருவரும் எதிரெதிரே நின்றோம். யார் ஆரம்பிப்பது என்பதில் இருவருக்குமே அனுபவம் இல்லை.

"மூவாயிரம்" என்றேன்.

"ம்?"

"உங்க வண்டி. இப்பக் கொஞ்சம் முன்னால."

"ஆமா" என்றார். பிறகு மெதுவாக, "உங்களுக்கு எப்படி..." என்று ஆரம்பித்து, அதை முடிக்கும் செலவை மிச்சம் பிடித்தார். நான் என் போனைத் திருப்பிக் காட்டினேன். அவர் தன்னுடையதைக் காட்டினார்.

"ஓடுற வண்டிக்கு சைபர் காட்டுச்சு. ஓடுதா இல்லையான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு. அதான் மிதிச்சுப் பாத்தேன்."

"முதல்லேருந்தே இப்படியா?"

"இல்ல. மொத நாள் ஆக்சிஜன் சென்சார்னு சொல்லிச்சு. மறுநாள் கனெக்ட் ஆகல. அழிச்சிட்டுப் புதுசாச் சேத்தேன். ஒரு பேருதான் வந்துச்சு. அப்புறம் தெர்மோஸ்டாட்னு சொல்லிச்சு." சிறிது யோசித்தார். "பேச்சு மாத்துற வண்டின்னு நெனச்சேன்."

அவருடைய பொடியை என் போன் பிடித்து வைத்திருந்ததால், அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பெயர் என்னுடையது. என்னைத் திணறடித்த தெர்மோஸ்டாட் கோளாறை அவர் சிரத்தையாக அழித்திருக்கிறார். அவர் அழித்த நேரத்தில்தான் நான் தத்துவம் கண்டேன்.

"தெர்மோஸ்டாட்?" என்றேன்.

"மாத்திட்டேன். நீங்க?"

"சென்சார். மாத்திட்டேன்."

"பழசு?" என்றார்.

"இருக்கு. நல்ல சென்சார்."

"எங்கிட்டயும் இருக்கு. நல்ல தெர்மோஸ்டாட்."

ஒரே மாடல். வேறு எதுவும் பேசவேண்டிய தேவை இருக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பானெட்டுகளும் திறந்துகொண்டன. என் ஸ்பேனரோடு சுவர் ஏறிக் குதித்து அவர் வண்டிக்கு அடியில் படுத்தேன். அந்த வேலையில் எனக்கு இப்போது கை பழகியிருந்தது. அவர் என் வண்டியில் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை வடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத போல்ட் ஒன்றைப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை விட்டுத் தேடினார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்து, கடைவாய்ப் பல்லைக் காட்டுவது போல என்னிடம் காட்டினார். என்ஜின் சூடேறும்வரை வாயை மூடியிருக்க வேண்டிய வால்வு அது; திறந்தபடியே இறுகிப்போயிருந்தது. என்ஜின் சூடேறாமல் விளக்கு எரிந்ததற்குக் காரணம் அதுதான். வாயை மூடாததால் வந்த வியாதி. எங்கள் இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

மனைவிமார் இருவரும் சுவருக்கு வந்துவிட்டார்கள்.

"உங்க வண்டியிலயும் விளக்கா? சொல்லவே இல்லையேக்கா!"

"நீ மட்டும் சொன்னியாடி?" என்றாள் என் மனைவி.

"எங்க வீட்டு உம்மணாமூஞ்சி எனக்கே சொன்னாத்தானே."

"அய்யோ, நான் இவர அப்படித்தான் கூப்பிடுவேன்!"

இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டோம்.

மச்சான் வந்தபோது கூலன்ட் ஊற்றிக்கொண்டிருந்தோம். பின்னால் வாங்க வந்தவர் நின்றார். சந்து முழுக்கப் பரப்பிக் கிடந்த சாமான்களைப் பார்த்ததும் மச்சானுக்குக் குரல் உயர்ந்தது. "என்ன மாப்ளே, ஒரு வண்டிய ஒழுங்காக் குடுக்கச் சொன்னா, தெருவுல இருக்கிற வண்டியெல்லாம் பிரிச்சுப் போட்டுருக்கே!"

டாக்டர் தன் போனை எடுத்தார். நான் என்னுடையதை எடுத்தேன். இருவரும் தலையசைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் 'அழி' என்பதைத் தொட்டோம். அவர் விரல் பட்டு என் விளக்கு அணைந்தது. என் விரல் பட்டு அவர் விளக்கு அணைந்தது.

பரிசோதனைக்கு மச்சானே கூட வந்தார், வழியில் விளக்கு திரும்ப வரும் என்ற நம்பிக்கையில். கண்ணை டாஷ்போர்டிலிருந்து எடுக்கவே இல்லை. வரவில்லை. பரிசோதனைக்காரர் குழாயில் கருவியை விட்டுப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்று முத்திரை வைத்தார்.

ஆனால் தரகரைத் தரகுத் தொழிலில் வெல்ல முடியுமா? வீட்டுக்குத் திரும்பியதும் மச்சான் தங்கையைத் தனியாக அழைத்தார். அவருடைய தனி என்பது தெருமுனைவரை கேட்கும். "இப்பத்தான் நல்ல நேரம். பரிசோதனை முடிஞ்ச வண்டி. அந்த ஆளு இன்னும் ஏத்திக் கேப்பாரு. குடுத்துடு."

நான் சந்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"வேணாம்ணே" என்றாள் என் மனைவி.

"ஏன்?"

"வண்டி போயிட்டா சாயந்திரம் பூரா இவர வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒரு மூலையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. பிள்ளைங்க பயந்து தப்பாத் தப்பா வாசிக்கும்."

மச்சான் வாங்க வந்தவரை, போகிற வழியில் ஒரு மனை இருப்பதாகச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார்.

அவரவர் பொடியை அவரவர் போனோடு மாற்றிச் சேர்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. அவரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. மாலையில் நான் காருக்குள் போய் உட்கார்ந்தால் போனில் அவருடைய என்ஜின் தெரியும். கிளினிக்கிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தால் தொண்ணூறு டிகிரி. புத்தகம் இரண்டு அத்தியாயம் நகர்வதற்குள் மெல்ல ஆறிக்கொண்டே வரும். பதில் இல்லை என்று வந்தால், இன்று யாருக்கோ பல் பிடுங்க நேரமாகிறது என்று புரிந்துகொள்வேன். அவரும் என்னை அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு மாலை, நல்ல கட்டத்தில் இருந்தேன். திரையில் அவருடைய சுழற்சி திடீரென இரண்டாயிரத்துக்கு ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது. காரணமில்லாமல் என்ஜினை உறுமவிடும் மனிதர் அல்ல அவர். புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். பிறகுதான் என் உள் விளக்கு மங்கலாகிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். சாவியைப் பாதி திருப்பி வைத்து வாசித்து வாசித்து என் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குத்தான் தெரியும். அவர் போனில்தானே என் வண்டி இருக்கிறது.

என்ஜினைப் போட்டேன். முனகிக்கொண்டே பிடித்துக்கொண்டது. நன்றி சொல்ல ஒரு தடவை மிதித்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன உறுமல் வந்தது. நான் இன்னொன்று கொடுத்தேன்.

ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. "என்னங்க, அங்க என்ன சத்தம்?"

கண்ணாடியை இறக்கினேன்.

"பேசிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.